ரிடோவா, ரெண்ட்-செவேர்ணா, ஜோர்ஜியன் விரிகுடாவா? சொந்தப் படகில் போகிறவர்களுக்கு

போன வருடம் மட்டும் நான்கு குடும்பங்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டன. "அக்கா, படகு வாங்கிவிட்டோம். ஜூலையில் இரண்டு கிழமை லீவு. எந்தப் பக்கம் போகலாம், எது வடிவு?"

ரொறன்ரோவில் இருந்து புறப்பட்டு, ஏரியும் சின்னச் சின்னத் துறைமுக ஊர்களுமாகப் போய்வர மூன்று நல்ல வழிகள் இருக்கின்றன. ஒன்று, கிங்ஸ்ரனில் தொடங்கி ஒட்டாவா வரை போகும் ரிடோ கால்வாய். இரண்டாவது, ரெண்டனில் தொடங்கி கவார்த்தா ஏரிகளைத் தாண்டிப் போகும் ரெண்ட்-செவேர்ண் நீர்வழி. மூன்றாவது, அந்த நீர்வழி போய் இறங்கும் ஜோர்ஜியன் விரிகுடாவும், அதற்கு அப்பால் மனிற்றூலின் தீவின் வடக்குக் கரையோடு நீளும் நோர்த் சனலும். மூன்றிலும் நாங்கள் போயிருக்கிறோம், ரிடோவில் இரண்டு தடவை. மூன்றும் வடிவுதான். வடிவை வைத்து இவற்றில் ஒன்றைத் தெரிவு செய்ய முடியாது.

அதனால் நான் திருப்பி வேறு கேள்வி கேட்பேன். இரவில் படகில் யார் யார் படுப்பார்கள்? படகு நிற்கும் நேரத்தில் அவர்கள் என்ன செய்வார்கள்? இந்த மாதிரிப் பயணத்தில் நாளொன்றுக்கு ஐந்து ஆறு மணி நேரம் ஓடினாலே அதிகம். மிச்ச நேரம் முழுக்க எங்காவது நிற்கிறோம். மூன்று வழிகளும் உண்மையில் வேறுபடுவது அங்கேதான். எங்கே நிற்கிறோம், எப்படி நிற்கிறோம், நின்ற இடத்தில் கால் வைத்து இறங்க முடியுமா என்பதில்.

எங்கள் படகு 28 அடி. பழையது, ஒரே ஒரு பெற்றோல் எஞ்சின். முன்னால் ஒரு கட்டில், பின்னால் ஒன்று, நடுவில் மேசையைத் தாழ்த்தினால் இன்னொன்று. நான் ஓட்டுவேன், கணவர் கயிறு பார்ப்பார். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 10. கூடவே அப்பா. ஊர்காவற்றுறையில் பிறந்து வளர்ந்தவர், வள்ளத்தில் பாய் கட்டி ஓடியவர், இப்போது முழங்கால் வலியோடு மெதுவாக நடப்பவர். நான் கீழே சொல்லும் அபிப்பிராயம் எல்லாம் இந்த ஐந்து பேரை வைத்துத்தான்.

முதலில் ரொறன்ரோவை விட்டு வெளியேறுவது பற்றிக் கொஞ்சம். ஸ்காபரோவில் ப்ளவ்பர்ஸ் பார்க்கில் படகு கட்டியிருப்பவர்கள் கிழக்கே ஒன்ராறியோ ஏரிக் கரையோடு விற்பி, கோபோர்க், பிரெஸ்கீல் என்று தாவித் தாவிப் போகலாம். கோபோர்க் தங்குவதற்கு நல்ல ஊர். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே நீண்ட மணற்கரை. அதற்கும் பிரெஸ்கீலுக்கும் இடையில் ஒதுங்க இடம் குறைவு, அதனால் அந்தத் துண்டை விடியக் காலையில் முடித்துவிட வேண்டும். பிறகு மறே கால்வாய். 1889 இல் வெட்டியது, எட்டுக் கிலோமீற்றர், லாக் (படகை ஏற்றி இறக்கும் தண்ணீர்த் தொட்டி) கிடையாது, திரும்பி வழிவிடும் பாலங்கள் இரண்டு. அதைத் தாண்டினால் குவின்ரே விரிகுடா. அங்கேதான் வழி பிரிகிறது: இடப்பக்கம் ரெண்டன், நேரே போனால் கிங்ஸ்ரன். ஒன்ராறியோ ஏரி கடல் மாதிரி. காற்று எழும்பிய நாளில் 28 அடிப் படகுக்கு அது இடமல்ல. போக மூன்று நாள், வர மூன்று நாள் என்று வைத்து, காற்றுக்காக ஒரு நாளைக் கூடுதலாகக் கையில் வைத்திருங்கள். இரண்டு கிழமையில் பாதி இதிலேயே போய்விடும் என்று நினைப்பவர்கள் படகை வண்டியில் ஏற்றி கிங்ஸ்ரனுக்கோ பீற்றர்பரோவுக்கோ கொண்டுபோய் இறக்குவதில் பிழையே இல்லை.

சரி, ரிடோ.

202 கிலோமீற்றர். 1832 இல் திறந்தது. வட அமெரிக்காவில் அன்றிலிருந்து இன்றுவரை இடைவிடாமல் ஓடும் கால்வாய்களில் இதுதான் மிகப் பழையது, 2007 இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1812 போருக்குப் பிறகு, சென் லோறன்ஸ் ஆற்றை அமெரிக்கர் மறித்தால் கிங்ஸ்ரனுக்குப் படையும் பொருளும் கொண்டுபோக வேறு வழி வேண்டுமென்று கேணல் ஜோன் பை தலைமையில் பிரித்தானியர் கட்டினார்கள். கால்வாய் என்று பெயர் இருந்தாலும் மனிதர் வெட்டிய பகுதி 19 கிலோமீற்றர் அளவுதான். மற்றதெல்லாம் ஆறும் ஏரியும், அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தி ஒன்றோடொன்று இணைத்தவை. வேலையின்போது ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள், அதில் நிறையப் பேர் மலேரியாவில். கனடாவில் மலேரியாவா என்று அப்பா நம்பவே இல்லை. சாஃபீஸ் லாக்கில் இறங்கி, பக்கத்தில் இருக்கும் பழைய இடுகாட்டைப் பார்த்துவிட்டு வந்து வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

லாக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: இரண்டு பக்கமும் கதவு வைத்த கல் தொட்டி. படகு உள்ளே போனதும் பின்கதவை மூடி, மேலிருந்து தண்ணீரை விடுவார்கள். தொட்டி நிரம்ப நிரம்பப் படகும் மேலே வரும். பிறகு முன்கதவு திறக்கும். கிங்ஸ்ரனில் இருந்து பிக் ரிடோ ஏரி வரை இப்படி 15 லாக். பெரும்பாலானவை இன்றும் மின்சாரத்தால் ஓடுவதில்லை. கோடைகால ஊழியர்கள், பெரும்பாலும் மாணவர்கள், இரும்புக் கைப்பிடியைச் சுற்றித்தான் கதவையும் மடையையும் திறப்பார்கள். ஜோன்ஸ் போல்ஸில் நான்கு லாக், மொத்தமாக 18 மீற்றர் ஏற்றம். முதல் தொட்டிக்குள் போனபோது ஈரக் கல் சுவர் எங்கள் தலைக்கு மேலே எழுந்து நின்றது, கல் இடுக்கில் பாசியும் சிறு பன்னங்களும். சுவரில் மேலிருந்து கீழாகக் கம்பி வடங்கள் தொங்கும். கயிற்றை அந்த வடத்தைச் சுற்றிப் பிடிக்க வேண்டுமே தவிர ஒருபோதும் கட்டக்கூடாது, கட்டினால் தண்ணீர் ஏறும்போது படகு சரியும். எஞ்சினை நிறுத்த வேண்டும், அடுப்பையும் அணைக்க வேண்டும். சோறு பாதி வெந்திருந்தாலும் அணைத்துத்தான் ஆக வேண்டும், பெற்றோல் ஆவி மூடிய தொட்டிக்குள் தங்கும். மகன் முன் கயிறு, கணவர் பின் கயிறு. தண்ணீர் ஏறும் வேகத்துக்குக் கயிற்றை உள்ளே இழுத்து எடுக்க அவன் பழகியது அங்கேதான். மூன்றாவது தொட்டியில் நான் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை.

ரிடோவை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் இதுதான். இங்கே பழகலாம். பெரும்பாலான லாக்குகளின் மேலும் கீழும் புல்தரை, மரத்தடி மேசை, கழிப்பறை. இரவு அங்கேயே கட்டிப் படுக்கலாம். கடைசிப் படகு போய், ஊழியர்களும் வீட்டுக்குப் போனபிறகு அணையில் விழும் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும். அப்பாவால் ஒரு படியில் கால் வைத்துக் கரையில் இறங்க முடிந்தது. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நங்கூரம் போட்டு நிற்கும் படகில் இருந்து ரப்பர் தோணிக்குள் இறங்கி, தோணியில் இருந்து பாறையில் ஏறுவது முழங்கால் வலி உள்ளவருக்கு முடியாத காரியம்.

ஊர்கள் சின்னவை. மேல் ரிடோ ஏரியின் மேற்குக் கோடியில் வெஸ்ற்போர்ட். துறைமுகத்தில் இருந்து சிறு பாலம் கடந்தால் கடைத்தெரு, பின்னால் மலைமேல் ஏறினால் ஏரி முழுவதும் தெரியும். ஸ்மித்ஸ் போல்ஸ் கொஞ்சம் பெரிய ஊர், தேவையான சாமான் எல்லாம் வாங்கலாம். அதற்கும் அப்பால் மெரிக்வில், கால்வாயைக் காக்கக் கட்டிய பழைய கல் காவல்வீடு லாக் அருகிலேயே நிற்கிறது. ஒட்டாவாவில் பாராளுமன்றக் குன்றின் அடியில் எட்டு லாக் ஒன்றன்பின் ஒன்றாக 24 மீற்றர் இறங்கி ஒட்டாவா ஆற்றில் சேர்கின்றன. நாங்கள் அதைக் கரையில் நின்றுதான் பார்த்தோம். எட்டையும் கடக்க ஒன்றரை மணி நேரம் எடுக்கும் என்றார்கள். எட்டிலும் நின்று கயிறு பிடிக்கும் குடும்பங்களை மேலே பாலத்தில் நிற்கும் சுற்றுலாக்காரர்கள் படமெடுத்துக்கொண்டிருப்பார்கள்.

குறை என்றால் வேகம். வெட்டிய பகுதிகளில் மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது. சிலருக்கு இது பொறுக்காது. எனக்கு இதில்தான் காசு மிச்சம். எங்கள் எஞ்சின் அந்த வேகத்தில் மணிக்குப் பத்து லீற்றர் குடிக்கும், முழு வேகத்தில் ஐம்பதுக்கு மேல். இன்னொன்று, கிங்ஸ்ரன் துறைமுகத்தில் இருந்து கால்வாய்க்குள் நுழையும் இடத்தில் இருந்த பழைய தூக்குப் பாலம் 2024 இல் சேதமடைந்து அகற்றப்பட்டது. போகிற வருடத்தில் அங்கே படகுகளை எந்த நேரத்தில், எவ்வளவு உயரம் வரை விடுகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரெண்ட்-செவேர்ண் வேறு கதை. 386 கிலோமீற்றர். ரெண்டனில் 1 என்று தொடங்கும் லாக் எண்கள் போர்ட் செவேர்ணில் 45 இல் முடியும். நடுவில் 29 கிடையாது. பேர்லி போல்ஸில் இருந்த இரண்டு லாக்கை ஒன்றாகக் கட்டியபோது அந்த எண் போய்விட்டது. பிள்ளைகளை 29 எங்கே என்று தேடவிட்டால் ஒரு பின்னேரம் போகும்.

இதை ஒரே தடவையில் கட்டிமுடிக்கவில்லை. பொப்கேஜனில் முதல் லாக் 1833 இல் வந்தது, முழு வழியும் இணைந்தது 1920 இல். அதனால் லாக்குகள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. சாதாரணத் தொட்டி, அடுக்குத் தொட்டி, தூக்கி, தண்டவாளம் என்று விதவிதமாக இருக்கும். பத்து வயதுப் பையனோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்றை நான் காணவில்லை.

பீற்றர்பரோவின் தூக்கு லாக் 1904 இல் திறந்தது. ஏறக்குறைய இருபது மீற்றர், உலகில் இந்த வகையில் உயரமானது. இரண்டு பெரிய தண்ணீர்ப் பெட்டிகள் தராசுத் தட்டு மாதிரி. மேலே நிற்கும் பெட்டிக்குள் ஒரு அடி அளவு தண்ணீரைக் கூடுதலாக விடுவார்கள். அந்தப் பாரத்தில் அது இறங்க, கீழே இருந்த பெட்டி மேலே எழும். தூக்குவதற்கு வேறு சக்தி தேவையில்லை. நாங்கள் முன்வரிசையில் நின்றோம். பெட்டியின் கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் காற்று, கீழே நாங்கள் வந்த கால்வாய் ஒரு பட்டி மாதிரி. இரண்டு நிமிடம்கூட இல்லை, மேலே வந்துவிட்டோம். அதிர்வே இல்லை. மேசையில் வைத்த தேநீர் அசையவில்லை. நடுவழியில் பக்கத்துப் பெட்டி எங்களைக் கடந்து கீழே போனபோது, அதற்குள் நின்ற படகில் ஒரு பாட்டி மகனுக்குக் கை காட்டினார். இன்றுவரை அவன் அதைச் சொல்வான்.

மேலே போகப் போக ஏரிகள். ஸ்ரோனி ஏரியில் பாறைத் தீவுகளுக்கு நடுவே நெளிந்து போகும் வழி, ஒரு தீவின் மேல் மரத்தால் கட்டிய தேவாலயம் ஒன்று. தண்ணீரால் மட்டுமே போய்ச் சேரக்கூடிய லவ்சிக் லாக். பக்ஹோர்ன், பொப்கேஜன், பெனலன் போல்ஸ் மூன்றும் லாக்கைச் சுற்றியே வளர்ந்த ஊர்கள். படகைக் கட்டிவிட்டு ஐந்து நிமிடம் நடந்தால் பலசரக்குக் கடை, ஐஸ்கிரீம், நூலகம். பொப்கேஜன்தான் 1937 இல் கவார்த்தா டெய்ரி தொடங்கிய ஊர். எங்கள் மகள் படகில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த வயது. அவளைத் தனியாக ஊருக்குள் போய்வர விட்டதுதான் அந்தப் பயணத்தைக் காப்பாற்றியது. நீண்ட வார இறுதியில் மட்டும் பொப்கேஜனுக்குள் போகாதீர்கள். லாக்குக்கு வெளியே சுவரில் நீலக் கோடு போட்ட பகுதி இருக்கும், அதில் கட்டினால் உள்ளே போகக் காத்திருக்கிறோம் என்று அர்த்தம். அந்தக் கோடு முழுவதும் நிரம்பி, பின்னால் இன்னும் பத்துப் படகு சுற்றிக்கொண்டு நிற்கும்.

போல்சம் ஏரிதான் உச்சி, கடல்மட்டத்தில் இருந்து 256 மீற்றர். அதற்குப் பிறகு கேர்க்பீல்டில் இன்னொரு தூக்கு லாக், 1907 இல் திறந்தது, இதில் இறங்குவோம். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மேல்நோக்கிப் போகும்போது, வழி காட்டும் மிதவைகளில் சிவப்பு வலப்பக்கம், பச்சை இடப்பக்கம். ரெண்டனில் இருந்து அத்தனை நாளும் அதுதான் பழக்கம். கேர்க்பீல்டில் இருந்து கீழ்நோக்கிப் போகிறோம், அதனால் பக்கம் மாறிவிடும். வரைபடத்தில் எழுதியிருந்தது, நானும் வாசித்திருந்தேன். ஆனால் தூக்கில் இருந்து இறங்கிய மகிழ்ச்சியில் கனால் ஏரிக்குள் பழைய கணக்கிலேயே ஓட்டினேன். அந்த ஏரி நிலத்தை மூழ்கடித்து உண்டாக்கியது, அடியில் மரக்குற்றிகளும் பாசியும். பச்சை மிதவையைத் தவறான பக்கம் விட்டு நூறு அடி போயிருப்பேன், மெத்தென்று ஒரு தட்டு, எஞ்சின் இரைந்து நின்றது. புரொப்பெல்லர் முழுக்கப் பாசி. கணவர் தண்ணீரில் இறங்கி அரை மணி நேரம் கத்தியால் வெட்டி எடுத்தார். குற்றியில் பட்டிருந்தால் பயணம் அங்கேயே முடிந்திருக்கும். ரிடோவிலும் இப்படி ஒரு இடம் உண்டு, நியூபரோ. இரண்டு இடத்தையும் வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வையுங்கள்.

அதன் பிறகு சிம்கோ ஏரி. அகலமானது, ஆனால் அவ்வளவு ஆழம் இல்லை. அந்த மாதிரி ஏரியில் காற்று எழும்பினால் அலை குட்டையாக, நெருக்கமாக, செங்குத்தாக வரும். விடியவே தாண்டிவிடுங்கள். அக்கரையில் ஒரிலியாவுக்கு முன் அதர்லி ஒடுக்கத்தைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்து ஒரு நிமிடம் கீழே பாருங்கள். ஆதிக்குடிகள் மீன் பிடிக்க மரக்கம்புகளை நட்டுக் கட்டிய பட்டிகள் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன, நாலாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கும் மேல் பழையவை. அப்பா தொப்பியைக் கழற்றினார். களங்கட்டி மீன் பிடிக்கும் கடலில் வளர்ந்தவருக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை.

முடிவுக்குச் சற்று முன்னால் பிக் ஷூட். இங்கே லாக்கே இல்லை. தண்டவாளத்தில் ஓடும் பெரிய மேடை தண்ணீருக்குள் இறங்கும், படகு அதன்மேல் போய் நிற்கும், பட்டிகளால் தாங்கிப் பிடித்து, ரோட்டைக் கடந்து மலைச்சரிவில் இறக்கி அந்தப் பக்கத் தண்ணீரில் விடுவார்கள். 1917 இல் தற்காலிகமாகப் போட்டது. பிறகு லாக் கட்டலாம் என்று யோசித்தபோது, பெரிய ஏரிகளில் மீன்களை அழித்துக்கொண்டிருந்த லாம்பிறே என்ற, விலாங்கு மாதிரியான ஒட்டுண்ணி மீன் லாக் வழியாக உள்ளே ஏறிவிடும் என்ற பயத்தில் தண்டவாளத்தையே வைத்துக்கொண்டார்கள். இப்போது ஓடும் மேடை 1978 இல் வந்தது.

குறை: நீளம். முழு வழிக்கும் நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் ஓடினால் ஒரு கிழமை. போய்த் திரும்ப இரண்டு கிழமை, ஓய்வே இல்லாமல். இரண்டு கிழமை லீவு உள்ளவர்கள் முழுவதையும் ஆசைப்படாதீர்கள். நாங்கள் முதல் தடவை அப்படி ஆசைப்பட்டு, ஒரிலியாவில் இருந்து திரும்பும்போது எல்லோரும் களைத்து, ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் வந்தோம். பீற்றர்பரோவில் இறக்கி பெனலன் போல்ஸ் வரை போய்த் திரும்பினால் பத்து நாள், தூக்கு லாக்கும் கிடைக்கும், ஏரிகளும் கிடைக்கும்.

மூன்றாவது வழியில் உங்களைத் தூக்கி இறக்க யாரும் இல்லை. ஜோர்ஜியன் விரிகுடாவின் கிழக்குக் கரையை முப்பதாயிரம் தீவுகள் என்பார்கள். இளஞ்சிவப்புப் பாறை, காற்றில் ஒரு பக்கம் சாய்ந்து வளர்ந்த பைன் மரங்கள், அடிவரை தெரியும் தண்ணீர். போர்ட் செவேர்ணில் இருந்து பரி சவுண்ட் வழியாக கிலார்னி வரை சிறு படகுகளுக்கென்று மிதவை போட்ட வழி இருக்கிறது. கிலார்னிக்கு 1962 வரை ரோட்டே இல்லை, அதுவரை படகில்தான் போக்குவரத்து. ஊர் இன்னும் தண்ணீரைப் பார்த்துத்தான் நிற்கிறது. துறையில் பொரித்த வெள்ளைமீன் வாங்கிச் சாப்பிடாமல் யாரும் அதைத் தாண்டிப் போவதில்லை. அங்கிருந்து மேற்கே லிற்றில் கரண்ட். 1913 இல் ரயிலுக்காகக் கட்டிய பாலம் கோடையில் மணிக்கொரு தடவை திரும்பி வழிவிடும். அதற்கு அடியில் ஓடும் நீரோட்டம் காற்றுக்கேற்பத் திசை மாறும், அதனால் காத்திருக்கும்போது கவனம். ஜூலை ஆகஸ்டில் காலை 9 மணிக்குப் படகுகள் ஒன்றோடொன்று பேசும் வானொலியில் 71 ஆம் சனலில் படகுக்காரர்களுக்கான ஒலிபரப்பு ஒன்று நடக்கும். வானிலை, செய்தி, பிறகு ஒவ்வொரு படகும் எங்கே நிற்கிறது என்று. எங்கள் படகின் பெயரைச் சொல்ல முதல் நாள் எனக்கு நா எழவில்லை. இரண்டாம் நாள் மகள் மைக்கை வாங்கிச் சொன்னாள்.

மனிற்றூலின் உலகிலேயே நன்னீர் ஏரியில் உள்ள மிகப் பெரிய தீவு. அதன் வடக்குக் கரையில் ககவோங், கோர் பே என்று அடக்கமான துறைமுக ஊர்கள். ஆனால் இங்கே போவது ஊருக்காக அல்ல, ஊர் இல்லாத இடத்தில் நிற்பதற்காக. பெஞ்சமின் தீவுகளில் நங்கூரம் போட்டு, பின்கயிற்றை மரத்தில் கட்டி, சூடான பாறையில் கால் நீட்டிப் படுத்திருந்த அந்த மூன்று நாளுக்கு ஈடாக நான் வேறெதையும் சொல்ல மாட்டேன். மூன்றாம் இரவு காற்று மாறியது. பின்னேரம் முழுக்கத் தென்மேற்கில் இருந்து அடித்துக்கொண்டிருந்ததை அப்பா "சோளகம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு அது திடீரென்று விழுந்தது. "விழுந்தால் வேறு பக்கத்தால் எழும்பும்" என்று சொல்லி அவர் படுக்கப் போகவில்லை. நள்ளிரவில் வடமேற்கில் இருந்து வந்தது. நங்கூரம் இழுபட்டு, பாறைக்கு இருபது அடியில் படகின் பின்பக்கம். எஞ்சினைப் போட்டு, பின்கயிற்றை அவிழ்த்து, இருட்டில் வெளியே போய் மறுபடி நங்கூரம் போட ஒரு மணி நேரம். அப்பா விளக்கைப் பிடித்தபடி ஒரே குரலில் எனக்குத் தூரம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இல்லாவிட்டால் எங்களுக்கு அன்றைக்குத் தெரிந்தது போதாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ரிடோவில் இப்படி ஒரு இரவு வராது. முதல் வருடத்திலேயே நோர்த் சனல் போகாதீர்கள் என்று நான் கேட்டுக்கொள்வதற்குக் காரணம் அந்த இரவு.

நீர்மட்டத்தையும் பார்க்க வேண்டும். கால்வாய்களில் அணை கட்டிச் சீராக வைத்திருக்கிறார்கள். ஜோர்ஜியன் விரிகுடாவும் நோர்த் சனலும் சேர்ந்த ஹியூரன் ஏரி அப்படி இல்லை. 2013 ஜனவரியில் பதிவான மிகக் குறைந்த மட்டத்துக்கு இறங்கியது, 2020 இல் துறைப் பலகைகள் தண்ணீருக்குள் போகும் அளவுக்கு ஏறியது. போன வருடம் தண்ணீருக்கு அடியில் ஆழமாகக் கிடந்த பாறை இந்த வருடம் புரொப்பெல்லரைத் தொடும். கைத்தொலைபேசிக்குப் பல இடங்களில் சிக்னல் இருக்காது. கரையில் மசசாகா என்ற விரியன் உண்டு, ஒன்ராறியோவில் விஷமுள்ள ஒரே பாம்பு. சும்மா கடிக்க வராது, ஆனால் பாறையில் வெறுங்காலோடு பிள்ளைகளை ஓட விடாதீர்கள்.

மற்றவை சுருக்கமாக. இரண்டு கால்வாய்களிலும் பாலங்களின் உயரம் 6.7 மீற்றர். அதற்கு மேல் பாய்மரம் உள்ளவர்கள் மரத்தைக் கழற்றிப் படுக்கவைத்தால்தான் போகலாம், அவர்களுக்கு ஜோர்ஜியன் விரிகுடாதான் வழி. படகு தண்ணீருக்குள் ஒன்றரை மீற்றருக்கு மேல் இறங்கினால் கால்வாய் வேண்டாம். லாக்குகள் மே நடுப்பகுதியில் திறந்து ஒக்ரோபர் நடுப்பகுதியில் மூடும். திறக்கும் நேரம் வார நாளில் ஒன்று, வார இறுதியில் ஒன்று. மோட்டார் படகு ஓட்ட எல்லோருக்கும் ஓட்டுநர் அட்டை வேண்டும், வானொலிக்குத் தனிச் சான்றிதழ். சொந்தப் படகு இல்லாதவர்கள் ஸ்மித்ஸ் போல்ஸில் 2018 முதல் வாடகைக்கு விடும் பெரிய படகுகளை எடுத்துப் பார்க்கலாம். கழிப்பறைத் தண்ணீரை ஏரிக்குள் விடுவது சட்டப்படி குற்றம், மரீனாவில்தான் உறிஞ்சி எடுப்பார்கள், அதற்குக் காசு. உயிர்காப்பு அங்கி பற்றி ஒன்று மட்டும். எங்கள் ஆட்களில் நிறையப் பேருக்கு நீந்தத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மாட்டார்கள். படகில் ஏறும் முதல் நிமிடமே கேட்டுவிடுங்கள். எங்கள் படகில் ஓடும்போதும் லாக்குக்குள் நிற்கும்போதும் எல்லோரும் அங்கி போட்டிருப்போம், அப்பா உட்பட.

ஆகவே என்னைக் கேட்டால்: முதல் வருடம் என்றால், வயதானவர் கூட வருகிறார் என்றால் ரிடோ, கிங்ஸ்ரனில் இருந்து வெஸ்ற்போர்ட் வரை போய்த் திரும்புங்கள். பிள்ளைகள் எட்டுக்கும் பதினைந்துக்கும் இடையில் என்றால் ரெண்ட்-செவேர்ணின் நடுப்பகுதி. மூன்று கிழமை லீவும், நங்கூரத்தோடு குறைந்தது இருபது இரவுப் பழக்கமும், படகில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தோணியில் ஏறி இறங்கும் தெம்பும் இருந்தால் நோர்த் சனல். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அடுத்த வருடம் போகலாம், அந்தப் பாறைகள் அங்கேயே இருக்கும்.

நாங்கள் இந்த ஜூலையில் மறுபடி ரிடோ போகிறோம். மகளுக்கு நோர்த் சனல்தான் ஆசை. ஆனால் அப்பாவுக்கு இப்போது தோணியில் இறங்க முடியாது. போன இரண்டு தடவையும் வெஸ்ற்போர்ட்டோடு திரும்பிவிட்டோம், இந்தத் தடவை ஸ்மித்ஸ் போல்ஸ் வரை. அதற்குச் சற்று முன்னால் 32 ஆம் லாக், பெயர் பூனமலி. சென்னைக்குப் பக்கத்துப் பூந்தமல்லியின் பெயரை, இந்தியாவில் இருந்து வந்த வெள்ளைக்காரர் யாரோ வைத்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். அதைக் கேட்டதில் இருந்து அப்பாவுக்கு அங்கே ஒரு இரவு நிற்க வேண்டும். ஒன்ராறியோவில் 65 வயதுக்கு மேல் மீன்பிடி அனுமதி வாங்கத் தேவையில்லை, அடையாள அட்டை போதும். தூண்டிலை இப்போதே துடைத்து எண்ணெய் போட்டுக் கராஜ் சுவரில் சாத்தி வைத்திருக்கிறார்.